ரவீந்திர சரோவரத்தைச் சுற்றி

தென் கொல்கத்தாவில் வாழும் தமிழருக்கு லேக் மார்க்கெட் என்பது சொந்த ஊரைப் போலப் பழகிய பெயர். வாழையிலையும் கதம்பமும் காப்பிக்கொட்டையும் வாங்க அங்கே செல்கிறோம். அப்பெயருக்குக் காரணமான ஏரியை முழுமையாக ஒருமுறை சுற்றி வந்தவர் நம்மில் எத்தனை பேர்? ஏற்ற இறக்கம் இல்லாத பாதை அது. முதியோரும் சிறுவரும் பெரும்பாலும் மரநிழலிலேயே நடந்துவிடலாம்.

இந்த ஏரி இயற்கை தந்ததன்று. 1920ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கல்கத்தா அபிவிருத்தி டிரஸ்ட் இங்கே சுமார் 192 ஏக்கர் சதுப்புக் காட்டைக் கையகப்படுத்திற்று. சுற்றிலும் தாழ்ந்த நிலம். அதை மேடாக்கி வீடுகள் எழுப்ப மண் வேண்டியிருந்தது. மண்ணெடுத்த பள்ளமே 73 ஏக்கர் நீர்ப்பரப்பாயிற்று. நம் நாட்டில் நீருக்காகக் குளம் வெட்டி, வெட்டிய மண்ணைக் கரையாக்குவார்கள். இங்கே மண்ணுக்காக வெட்டினார்கள், நீர் பின்னால் வந்தது. ஆகவே, அடுத்துள்ள தெருக்களில் வாடகைக்குக் குடியிருக்கும் நம்மவர் பலர் ஏரியின் வயிற்றிலிருந்து வந்த மண்ணின்மேல் வாழ்கிறார்கள் என்றே சொல்லலாம். டாக்குரியா ஏரி என வழங்கிய இதற்கு 1958 மே மாதத்தில் கவி தாகூரின் பெயர் சூட்டப்பட்டது.

வழி தவற இடமில்லை. வடக்கே சதர்ன் அவென்யூ. தெற்கே பஜ்பஜ் செல்லும் இரயில் பாதை. கோயிலை வலம் வருவது போல நீரை வலப்புறம் வைத்துக்கொண்டு நடந்தால் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேரலாம். இரயிலோசை அருகில் கேட்டால் தென்கரை வந்துவிட்டது என்று பொருள். அங்கே 1926இல் அமைத்த தொங்கு பாலம் ஒரு சிறு தீவுக்குச் செல்கிறது. தீவிலுள்ள பள்ளிவாசல் ஏரியைவிட மூத்தது. தோண்டியவர்கள் அதை விட்டுவிட்டுச் சுற்றிலும் தோண்டினார்கள். 1935இல் ஜப்பானியத் துறவி நிச்சிதாத்சு ஃபூஜி நிறுவிய புத்தர் கோயிலும் ஏரியை அடுத்து உள்ளது. ரவீந்திர சரோவர் என்னும் மெட்ரோ நிலையம் மேற்கே சற்றுத் தள்ளியிருக்கிறது. பெயரை நம்பி, இறங்கியவுடன் நீரைத் தேடுவோர் ஏமாறுவர்.

ஆலும் அரசும் தூங்குமூஞ்சியும் கவிந்த இச்சோலை 2020 மே 20ஆம் நாள் அம்பன் புயலில் பெருஞ்சேதமுற்றது; ஏராளமான மரங்கள் வேரோடு சாய்ந்தன. எனினும், புயலைவிட நுட்பமான ஆபத்து ஒன்று நீரிலே உண்டு. இந்த ஏரிக்கு ஆறு எதுவும் வந்து சேர்வதில்லை. மழையே இதற்குப் பெரும் ஆதாரம். ஆற்றில் இட்டது அடித்துச் செல்லப்படும். இங்கே இட்டது இங்கேயே கிடக்கும். பூவும் நெய்யும் பாலும் அழுகும்போது நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை நுண்ணுயிர்கள் உட்கொண்டுவிடுகின்றன. ஒளியின்றிப் பாசிகளும் பிராணவாயுவை வெளியிடாத பின்னிரவில் மீன்கள் மூச்சுத் திணறி மடிகின்றன.

இதனால்தான் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சட் பூசையை இங்கே நடத்தலாகாது எனத் தடுத்தது. 2019இல் பக்தர்கள் வாயிற்கதவுகளை உடைத்து உள்ளே புகுந்தனர். 2020இல் உச்ச நீதிமன்றமும் இணங்காமற்போகவே தடை நிலைத்தது. பிறந்த ஊரை விட்டு வந்து, வழிபடுவதற்கு நீர்த்துறை தேடியவர்கள் அவர்கள். அவர்கள் மனக்குறையை நம்மைப் போன்றவர் எளிதில் உணரலாம். ஆயினும் தீர்ப்பு சரியானதே. நவராத்திரி நிர்மால்யத்தை ஏரியில் விடும் நம் வீட்டாருக்கும் அது பொருந்தும்.

சித்திரை, வைகாசி மாலைகளில் மேற்கே வானம் கறுத்தால் உடனே வெளியேறிவிட வேண்டும். கால்பைசாகி எனும் கோடைப்புயல் சில நிமிடங்களில் வந்துவிடும். 2022 மே மாதத்தில் அத்தகைய காற்றில் படகு கவிழ்ந்து மாணவர் இருவர் உயிரிழந்தனர். மரத்தடியில் ஒதுங்குவதும் தகாது.

முதன்முறை செல்வோர்க்கு மழை ஓய்ந்த ஐப்பசி ஏற்றது. நகரெங்கும் ஏழிலைப்பாலை பூக்கும் பருவம் அது. தாகூர் நிறுவிய விசுவபாரதியில் பட்டம் பெறுவோர்க்கு முன்னர் வழங்கிவந்த இலை அம்மரத்தினுடையதே. வங்காளிகள் அதைச் சாதிம் என்பார்கள். பெயர் தெரியாவிட்டாலும் அந்திக்குப் பின் மணமே காட்டிக்கொடுக்கும்.