மஞ்சள் தொண்டைச் சின்னான்

மலை என்றவுடன் அருவியும் அடர்ந்த சோலையும் நம் நினைவிற்கு வருகின்றன. ஆனால், வறண்ட மலைநிலங்களும் நம் நாட்டில் பல உள. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த முகடுகள் தென்மேற்குப் பருவக் காற்றைத் தடுக்கின்றன. மழையின் பெரும்பகுதி மேற்குச் சரிவிலேயே பொழிந்துவிடுகின்றது. அதனால் கிழக்கேயுள்ள பள்ளத்தாக்குகள் மழை குன்றி வறண்டு கிடக்கின்றன. இத்தகைய நிலத்தை மழைமறைவுப் பகுதி என்பர். மூணாற்றுக்கு வடகிழக்கேயுள்ள சின்னாறு இதற்கு ஓர் எடுத்துக்காட்டு ஆகும். அங்கும், கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைக் குன்றுகளிலும் வாழும் சிறு பறவையே மஞ்சள் தொண்டைச் சின்னான்.

இது தோட்டங்களில் நாம் காணும் கொண்டைக்குருவியின் இனத்தைச் சேர்ந்தது. எனினும், இதற்குக் கொண்டை இல்லை. இதன் நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். தலை மஞ்சள் கலந்த பச்சை நிறமுடையது. தொண்டை பளிச்சிடும் மஞ்சள். மார்பு சாம்பல் நிறம். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் என்பார் 1845-ஆம் ஆண்டில் இதனை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்தினார். கிரேக்க மொழியில் ‘மஞ்சள் தொண்டை’ எனப் பொருள்படும் பெயரையே அவர் இதற்குச் சூட்டினார்.

இப்பறவை கூச்சம் மிக்கது. ஆள் அரவம் கேட்டவுடன் புதருள் மறைந்துவிடும். ஆதலின், இதன் உருவம் கண்ணுக்குப் புலப்படுமுன் குரலே நம் செவிக்கு எட்டும். பூச்சிகளும், பாறை இடுக்கில் வளரும் அத்தியினத்து மரங்களின் கனிகளும் இதன் உணவாகும். உண்ட கனியின் விதைகள் எச்சத்துடன் பாறை வெடிப்புகளில் விழுந்து, மழை பெய்ததும் முளைக்கின்றன. இவ்வாறு மரம் பறவையை ஊட்டுகின்றது. பறவை மரத்தைப் பரப்புகின்றது.

தென்னிந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இப்பறவை இல்லை. நந்தி மலை, திருமலை, ஏர்க்காடு முதலிய இடங்களில் இதனைக் காணலாம். பாறையும் புதரும் ஒருங்கே அமைந்த குன்றுகளே இதற்கு ஏற்றவை. சமவெளியின் நடுவே தனித்து நிற்கும் அக்குன்றுகள் கடலிடைத் தீவுகளைப் போன்றவை. ஒரு குன்று அழிந்தால், அங்கு வாழும் பறவைகள் அண்டையிலுள்ள வயலிலோ தோட்டத்திலோ குடிபுக இயலாது.

இன்று அக்குன்றுகளுக்கே தீங்கு நேர்ந்துள்ளது. கருங்கல்லுக்காகக் குன்றுகள் வெடிவைத்துத் தகர்க்கப்படுகின்றன. விறகிற்காகப் புதர்கள் வெட்டப்படுகின்றன. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கமும் அழியும் வாய்ப்புள்ள பறவைகளுள் ஒன்றாக இதனைக் குறித்துள்ளது. வெட்டிய புதர் மீண்டும் தழைக்கக்கூடும். உடைத்தெடுத்த குன்றை மீண்டும் எழுப்புவார் எவர்?

மரமடர்ந்த காட்டைக் காக்க வேண்டும் என்பதை நாம் எளிதில் உணர்கின்றோம். முட்புதர் மண்டிய குன்றையோ தரிசு என்று ஒதுக்கிவிடுகின்றோம். ஆனால், அத்தரிசும் ஓர் உயிரினத்தின் தாயகம். ஆகவே, நம் ஊரை அடுத்துள்ள கற்குன்றையும் அதில் வாழும் உயிர்களையும் அறிந்து, அவற்றைப் பேணுதல் நம் கடமையாகும்.