நெடுந்தூரம் – 9: மார்க் ஆலனின் ஆறு தோல்விகள்

நெடுந்தொலைவுப் போட்டிகளில் தோல்வி கண்ணுக்குத் தெரியும் இடமும் அது உண்டான இடமும் பெரும்பாலும் வெவ்வேறானவை. நூறு மீட்டர் ஓட்டத்தில் புறப்படும்போது செய்த பிழையின் விளைவு பத்து விநாடிகளுக்குள் வெளிப்பட்டுவிடுவதால், காரணத்தையும் விளைவையும் இணைத்துப் பார்ப்பதில் வீரருக்கோ பயிற்சியாளருக்கோ சிரமம் இருப்பதில்லை. எட்டு மணிநேரத்துக்கும் மேல் நீளும் போட்டியிலோ, ஓட்டத்தின் முப்பதாவது கிலோமீட்டரில் கால் தளர்ந்து நடக்கத் தொடங்கும் ஒருவர், அத்தளர்ச்சிக்கான வித்தை நான்கைந்து மணிநேரத்துக்கு முன்பு சைக்கிளில் இருந்தபோதே ஊன்றியிருக்கக்கூடும். சில வேளைகளில் அது பல மாதங்களுக்கு முந்தைய பயிற்சியிலேயே ஊன்றப்பட்டிருக்கும். இதனால்தான் ஏமாற்றத்தோடு ஊர் திரும்பும் வீரர்கள் பலர், பழுது உண்டான இடத்தை விட்டுவிட்டு, அது வெளிப்பட்ட இடத்தைச் சீர்செய்வதிலேயே அடுத்த ஆண்டைச் செலவிட்டுவிடுகிறார்கள். இதை அமெரிக்க வீரர் மார்க் ஆலனின் வரலாற்றைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றைக் காண்பது அரிது. ஹவாய் அயர்ன்மேன் போட்டியில் 1982 முதல் 1988 வரை ஆறு முறை கலந்துகொண்டு ஆறு முறையும் வெல்லாமல் திரும்பிய அவர், 1989இல் அதே களத்தில் வென்றார். தொடர்ந்து 1993 வரை ஆண்டுதோறும் வென்று, 1995இல் மீண்டும் ஒரு முறை வென்று, மொத்தம் ஆறு பட்டங்களைப் பெற்றார்.

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் கடிகாரத்தை நிறுத்தாமல் ஒன்றன்பின் ஒன்றாக முடிக்க வேண்டிய போட்டியாகும். ஒலிம்பிக்கில் இடம்பெறும் வடிவத்தில் இவை முறையே 1.5, 40, 10 கிலோமீட்டர் தொலைவுகளாக இருக்க, அயர்ன்மேன் எனப்படும் நெடுந்தொலைவு வடிவத்தில் ஏறக்குறைய 3.9 கிலோமீட்டர் கடல் நீச்சலும், 180 கிலோமீட்டர் சைக்கிளும், முழு மாரத்தானான 42.195 கிலோமீட்டர் ஓட்டமும் அடங்கும். இந்த அளவுகள் உடலியல் ஆய்வு எதிலிருந்தும் பிறந்தவை அல்ல. ஓவாஹு தீவில் பணியாற்றிய அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும், நீச்சல்காரர், சைக்கிள்காரர், ஓட்டக்காரர் ஆகியோரில் உடல்வலிமை மிக்கவர் யார் என்ற வாதத்துக்கு விடைகாண, அத்தீவில் ஏற்கெனவே தனித்தனியே நடந்துவந்த ஒரு கடல் நீச்சலையும், தீவைச் சுற்றிவரும் சைக்கிள் பயணத்தையும், ஹொனலூலு மாரத்தானையும் ஒரே நாளில் சேர்த்துவைத்தார்கள். 1978 பிப்ரவரியில் நடந்த முதல் போட்டியில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்தார்கள். முதலாவதாக வந்த கார்டன் ஹாலருக்கு 11 மணி 46 நிமிடம் 58 விநாடி தேவைப்பட்டது. தற்செயலாகக் கூட்டிச் சேர்க்கப்பட்ட அந்தத் தொலைவே இன்று உலகம் முழுவதும் அளவுகோலாக நிலைத்துவிட்டது.

1981இல் போட்டி ஹவாயின் பெருந்தீவிலுள்ள கைலுவா கோனா என்னும் கடற்கரை ஊருக்கு மாறியது. அதன் குணமும் அப்போதுதான் உருவானது. ஊரிலிருந்து வடக்கே ஹாவி வரை செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் எரிமலைக் குழம்பு உறைந்து கறுத்துப்போன பாறைவெளி பரந்து கிடக்கிறது. நிழல் தரும் மரம் அங்கே அரிது. பகல் முழுதும் வெயிலைக் குடித்த கரும்பாறை அவ்வெப்பத்தைத் திருப்பி உமிழ்கிறது. மலையிடுக்குகளிலிருந்து திடீரெனப் பாயும் ‘முமுக்கு’ என்னும் உள்ளூர்க் காற்று, சைக்கிளைப் பக்கவாட்டில் தள்ளிவிடும் வலிமை உடையது. மற்ற ஊர்களில் பொறுத்துக்கொள்ளப்படும் சிறிய அவசரத்தைக்கூட இவ்வூர் பொறுப்பதில்லை.

சான் டியேகோவில் கல்லூரிக் காலத்தில் நீச்சல் வீரராக இருந்து, பின்னர் கடற்கரை உயிர்காப்பாளராகப் பணியாற்றிய ஆலன், 1982 பிப்ரவரிப் போட்டியின் தொலைக்காட்சிப் பதிவைப் பார்த்தே இதற்கு வந்தார். பெண்கள் பிரிவில் முன்னணியில் இருந்த ஜூலி மாஸ், முடிவுக்கோட்டுக்கு மிக அருகில் உடல் ஒத்துழைக்காமல் விழுந்து, எழுந்து, மீண்டும் விழுந்து, இறுதியில் தவழ்ந்தே கோட்டைத் தொட்ட அந்தப் பதிவு, அயர்ன்மேன் போட்டியை அமெரிக்க வீடுகளுக்குள் கொண்டுசேர்த்த பதிவாகும். அதே ஆண்டு அக்டோபரில் மீண்டும் நடந்த போட்டியில் ஆலன் முதன்முறையாகக் கலந்துகொண்டார். அப்போதே டேவ் ஸ்காட் அக்களத்தின் தலைமகனாக இருந்தார். கலிஃபோர்னியாவின் டேவிஸ் ஊரைச் சேர்ந்த அவர், 1980 முதல் 1987 வரையிலான காலத்தில் ஆறு முறை வென்றவர். முதல் போட்டியிலேயே ஆலன் நீச்சலில் ஸ்காட்டை ஒட்டியே வந்து, சைக்கிளிலும் அவரை எட்டிப்பிடித்தார். ஆனால் அவருடைய சைக்கிளின் கியர் மாற்றி பழுதடைந்ததால் பாதியில் விலக நேர்ந்தது. அடுத்த ஆண்டு மூன்றாம் இடம் கிடைத்தது. இவ்விரண்டையும் பயிலும் காலம் என்று கடந்துவிடலாம்.

1984 அவ்வாறு கடந்துவிடத்தக்கது அன்று. அவ்வாண்டு ஆலன் சைக்கிளை முடித்து இறங்கியபோது ஸ்காட்டைவிட ஏறக்குறைய 12 நிமிடம் முன்னிலையில் இருந்தார். ஓட்டத்தில் அந்த முன்னிலை கரைந்தது. ஸ்காட் அவரைக் கடந்து, 8 மணி 54 நிமிடம் 20 விநாடியில் முடித்து, அக்களத்தில் 9 மணிநேரத்துக்குள் வந்த முதல் வீரரானார். ஆலன் ஐந்தாம் இடத்துக்குச் சரிந்தார். ஓட்டத்தில் தோற்றார் என்பதே பார்த்தவர்கள் கண்ட உண்மை. கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. சமதரையில் சைக்கிள் ஓட்டுபவரின் ஆற்றலில் பெரும்பங்கு காற்றைக் கிழிப்பதற்கே செலவாகிறது. அந்தச் செலவு வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் உயர்வதால், வேகத்தைப் பத்து விழுக்காடு கூட்டுவதற்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடுதல் ஆற்றல் வேண்டும். எதிர்காற்று இந்தக் கணக்கை இன்னும் கடுமையாக்கும். அந்த ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதும் முக்கியமானது. தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் மாவுச்சத்தாகிய கிளைக்கோஜன், உடலில் சுமார் 2,000 கலோரி அளவுக்கே இருக்கிறது. அயர்ன்மேன் போட்டியோ 8,000 கலோரிக்கும் மேல் கேட்கிறது. மீதியை உண்ணும் உணவும் உடற்கொழுப்பும் ஈடுசெய்ய வேண்டும். ஒல்லியான வீரரின் உடலிலும் கொழுப்பு தாராளமாகவே உண்டு என்றாலும், அது மெதுவாகவே எரியக்கூடியது. முயற்சியின் கடுமை கூடக்கூட உடல் கொழுப்பை ஒதுக்கிவிட்டுக் கிளைக்கோஜனை நாடுகிறது. ஆகவே சைக்கிளில் ஈட்டிய 12 நிமிடம் என்பது, மாரத்தானின் பிற்பகுதிக்கென்று உடல் வைத்திருந்த சேமிப்பிலிருந்து எடுத்த கடன் என்றே கொள்ள வேண்டும்.

1985இல் ஆலன் கோனாவுக்குச் செல்லவில்லை. 1986இல் இரண்டாம் இடம் கிடைத்தது. ஸ்காட் 8 மணி 28 நிமிடம் 37 விநாடி என்ற புதிய சாதனையை நிறுவினார். 1987இல் ஆலன் மறுபடியும் ஓட்டத்தின் நடுவில் நல்ல முன்னிலையில் இருந்தார். மறுபடியும் அவர் உடல் கைவிட, ஸ்காட் கடந்துசென்று 11 நிமிட வித்தியாசத்தில் வென்றார். போட்டி முடிந்த பிறகு ஆலன் உட்குருதிக் கசிவுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வெப்பத்தில் நெடுநேரம் கடுமையாக இயங்கும் உடல், உழைக்கும் தசைகளுக்கும் வியர்க்கும் தோலுக்கும் இரத்தத்தைத் திருப்பிவிடுகிறது. குடலுக்குச் செல்லும் இரத்தம் பெரிதும் குறைவதால், செரிமானம் தடைப்பட்டு, குடலின் உட்சுவரே சேதமடையக்கூடும். குடல் வேலை செய்யாதபோது வழியில் குடிப்பதும் உண்பதும் தசையைச் சென்றடைவதில்லை என்பதால், மேலே சொன்ன கடனை அடைக்கும் ஒரே வாயிலும் மூடிக்கொள்கிறது.

அடுத்த ஆண்டின் தோல்விதான் இவை அனைத்திலும் கசப்பானது. 1988இல் முழங்கால் காயத்தால் ஸ்காட் போட்டியிலிருந்து விலகியிருந்தார். வெல்ல முடியாத மனிதர் இல்லாத களத்தில் ஆலனின் சைக்கிள் இரண்டு முறை பஞ்சராகி, அவர் ஐந்தாவதாக முடிக்க, ஸ்காட் மோலினா பட்டத்தைப் பெற்றார். பஞ்சரைத் தற்செயல் என்று சொல்லி அமைதியடைந்திருக்கலாம். ஆனால் போட்டியாளர் இல்லாத ஆண்டிலும் வெற்றி வாராதது, தடை டேவ் ஸ்காட் மட்டும்தானா என்ற கேள்வியை ஆலனுக்கு முன் வைத்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். கோனாவுக்கு வெளியே ஆலன் தோற்றவர் அல்லர். பிரான்ஸின் நீஸ் நகரில் நடைபெற்ற நெடுந்தொலைவு டிரையத்லானை அவர் மொத்தம் பத்து முறை வென்றிருக்கிறார். 1989 ஆகஸ்ட்டில் அவிஞோன் நகரில் நடந்த முதலாவது உலக டிரையத்லான் சாம்பியன் போட்டியிலும் அவரே வென்றார். எனவே திறமைக் குறைவு என்ற விளக்கம் பொருந்தாது. பயிற்சியின் அடித்தளத்தையும் அவர் பல ஆண்டுகளாகவே மாற்றிவந்தார். ஃபில் மாஃபிடோன் என்பவரின் வழிகாட்டலில், 180இலிருந்து வயதைக் கழித்துவரும் எண்ணை இதயத்துடிப்பின் மேல்வரம்பாகக் கொண்டு, அதைத் தாண்டாமல் பயிற்சி செய்யும் முறையை அவர் ஏற்றிருந்தார். நிமிடத்துக்கு 155 துடிப்பு என்ற வரம்புக்குள் ஓட முயன்றபோது, தொடக்கத்தில் ஒரு மைலுக்கு 8 நிமிடம் 15 விநாடி என்ற அளவுக்கு மெதுவாக ஓட வேண்டியிருந்தது என்றும், காலப்போக்கில் அதே துடிப்பில் 5 நிமிடம் 20 விநாடியில் ஒரு மைலைக் கடக்க முடிந்தது என்றும் ஆலன் பிற்காலத்தில் விளக்கியிருக்கிறார். கொழுப்பை எரித்து இயங்க உடலைப் பழக்குவதே இம்முறையின் நோக்கம். வேகமான ஒருவர் மாதக்கணக்கில் மெதுவாக ஓடச் சம்மதிப்பதற்கு வேண்டிய மனவலிமை, முடிவுக்கோட்டருகே வெளிப்படும் வீரத்துக்குச் சற்றும் குறைந்ததன்று.

1989 அக்டோபர் 14 அன்று அவர் மாற்றியது போட்டியின் உத்தியை. முந்தைய ஆண்டுகளில் ஸ்காட்டை விட்டு முன்னே ஓடிவிடுவதே அவருடைய வழக்கமாக இருந்தது. இம்முறை முன்னே செல்வதில்லை, பின்தங்குவதுமில்லை, இறுதிக் கட்டம் வரை ஸ்காட்டின் அருகிலேயே இருப்பது என்று முடிவுசெய்தார். நீச்சலில் முன்னே செல்பவரின் காலடியை ஒட்டி நீந்தினால் நீரின் எதிர்ப்பு குறையும். விதிகள் அதை அனுமதிக்கின்றன. சைக்கிளில் அவ்வாறு ஒட்டிச் செல்வது விதிப்படி குற்றமாதலால், அங்கே இந்த உத்தி தந்த பயன் காற்றுமறைவு அன்று. தன்னுடைய அவசரத்துக்கு வேறொருவரைக் கடிவாளமாக்கிக்கொண்டதே. இருவரும் நீச்சலை 51 நிமிடங்களிலும் சைக்கிளை 4 மணி 37 நிமிடங்களிலும் முடித்து, மாரத்தானில் தோளோடு தோள் சேர ஓடினார்கள். பேச்சு ஏதும் இல்லை.

ஓட்டத்தின் பாதியில் ஸ்காட் வேகத்தைக் கூட்டியபோது தாம் உள்ளுக்குள் தளர்ந்துவிட்டதாகவும், அந்நேரத்தில், ஓரிரு நாள்களுக்கு முன் ஓர் இதழின் விளம்பரத்தில் பார்த்திருந்த மெக்ஸிகோவின் ஹுயிச்சோல் பழங்குடி முதியவர் டான் ஹோஸே மாட்சுவாவின் முகம் நினைவில் எழுந்து அமைதி தந்ததாகவும் ஆலன் கூறியிருக்கிறார். இதை அற்புதமாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் ஒதுக்கிவிடவும் கூடாது. அதுவரை இருந்த ஆறு தோல்விகளின் நினைவு மனத்தை நிறைக்கும் அந்த வேளையில், முடிவைப் பற்றிய எண்ணம் நின்று அடுத்த அடி மட்டும் எஞ்சியது என்பதே அவர் சொல்வதன் சாரம். ஏறக்குறைய 3 கிலோமீட்டர் எஞ்சியிருந்தபோது, ஊருக்குள் இறங்குவதற்கு முந்தைய மேட்டில் ஆலன் முதன்முறையாக முன்னே பாய்ந்தார். 8 மணி 9 நிமிடம் 15 விநாடியில் அவர் முடிக்க, ஸ்காட் 58 விநாடி கழித்து வந்தார். மூன்றாமவரான கிரெக் வெல்ச் வந்துசேர மேலும் 20 நிமிடங்களுக்கு மேல் ஆயிற்று. ஆலனின் மாரத்தான் நேரமான 2 மணி 40 நிமிடம் 4 விநாடி, 2016இல் ஜெர்மனியின் பாட்ரிக் லாங்கே முறியடிக்கும்வரை 27 ஆண்டுகள் கோனாவின் சாதனையாக நின்றது.

1995இல், 37ஆம் வயதில், தம்முடைய கடைசிக் கோனா போட்டியில் ஆலன் சைக்கிளிலிருந்து இறங்கியபோது, ஜெர்மனியின் தாமஸ் ஹெல்ரீகல் அவருக்கு 13 நிமிடங்களுக்கு மேல் முன்னிலையில் இருந்தார். 1984இல் ஆலனே ஈட்டி இழந்த முன்னிலையை ஒத்தது அது. இளைய வீரரைத் துரத்தி அவர் சைக்கிளில் வேகத்தைக் கூட்டவில்லை. ஓட்டத்தில் சிறிது சிறிதாக இடைவெளியைக் குறைத்து, ஊரை நெருங்கும் கடைசிக் கட்டத்தில் ஹெல்ரீகலைக் கடந்து வென்றார்.

1989இன் மற்றொரு மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அன்று டேவ் ஸ்காட் எடுத்துக்கொண்ட 8 மணி 10 நிமிடம் 13 விநாடி, அதுவரை அக்களத்தில் இருந்த அவருடைய சொந்தச் சாதனையைவிட 18 நிமிடங்களுக்கு மேல் விரைவானது. தம் வாழ்நாளின் மிகச் சிறந்த கோனா போட்டியிலேயே தோற்ற அவர், ஐந்தாண்டுகள் கழித்து, நாற்பதாவது வயதில், மீண்டும் அதே கடற்கரையில் வந்து நின்றார். அவருடைய 1994ஆம் ஆண்டுப் போட்டியை அடுத்த வாரம் காணலாம்.