மனித உருவம் வரைய எந்தப் புத்தகம் வாங்கலாம்?

நெய்வேலி புத்தகக் கண்காட்சி லிக்னைட் ஹால் வளாகத்தில் நடக்கும் நாட்களில், ஓவியம் கற்றுத்தரும் புத்தகங்கள் உள்ள கடைகளில் பிள்ளைகளும் பெற்றோரும் வெகுநேரம் நிற்பார்கள். கடைசியில் கைக்கு வருவது பெரும்பாலும் படங்கள் பளிச்சென்று இருக்கும் புத்தகம்தான். பூ, பழம், இயற்கைக் காட்சி வரைவதற்கு அப்படித் தேர்ந்தெடுத்தாலும் பெரிய நஷ்டமில்லை. மனித உருவத்துக்கு அது ஒத்துவராது. மரத்தின் கிளை ஒரு விரற்கடை தள்ளிப்போனால் யாருக்கும் தெரியாது. தோள்பட்டை தள்ளிப்போனால் சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆகவே உடலை எப்படிப் பார்ப்பது என்று கற்றுத்தரும் புத்தகமாகத் தேடுங்கள். படங்களின் அழகு அப்புறம்.

இதைக் கடையில் நின்றபடியே சோதித்துவிடலாம். ஒருவர் நிற்பதுபோல் படம் உள்ள பக்கத்தைத் திருப்புங்கள். முதல் கட்டத்தில் ஒரு முட்டை வடிவம், இரண்டாம் கட்டத்தில் நாலைந்து கோடுகள், மூன்றாம் கட்டத்தில் முழுப்படம் என்று தாவினால் வைத்துவிட்டு வாருங்கள். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் நடுவே ஓவியர் என்ன யோசித்தார் என்பதுதான் பாடம். அது அங்கே இல்லை. நல்ல புத்தகத்தில், உடம்பின் எடை எந்தக் காலில் இறங்குகிறது, அந்தப் பக்கத்து இடுப்பு ஏன் உயர்கிறது, அதே பக்கத்துத் தோள் ஏன் தாழ்கிறது என்று படத்தோடு விளக்கம் இருக்கும்.

தொடங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள் என்றால், அமெரிக்க ஓவியர் ஆண்ட்ரூ லூமிஸ் 1943இல் எழுதிய 'ஃபிகர் டிராயிங் ஃபார் ஆல் இட்ஸ் வொர்த்' என்பேன். பத்திரிகைகளுக்கும் விளம்பரங்களுக்கும் வரைந்து பிழைத்தவர் அவர். மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது அவருக்குத் தெரியும். உடலை முதலில் ஒரு எளிய எலும்புக்கூட்டுச் சட்டமாக நிறுத்தி, அதன்மேல் கனத்தை ஏற்றி, பிறகுதான் தசைக்கு வருகிறார். தொடுவானக் கோட்டை, அதாவது பார்ப்பவரின் கண்மட்டத்தைப் பற்றிய அவருடைய பகுதிக்காக மட்டுமே புத்தகத்தை வாங்கலாம். சமதரையில் நிற்கும், ஒரே உயரமுள்ள எல்லாரையும் அந்தக் கோடு உடம்பின் ஒரே இடத்தில்தான் வெட்டும். நெய்வேலியின் நீண்ட நேர்ச்சாலைகளில் இதை எந்த மாலையிலும் பார்க்கலாம். உங்கள் கண்மட்டம் அருகில் நடப்பவரின் நெற்றியில் இருந்தால், தூரத்தில் புள்ளியாய்த் தெரிபவரின் நெற்றியிலும்தான் இருக்கும். இது புரிந்த நாளிலிருந்து உங்கள் படத்தில் ஆட்கள் அந்தரத்தில் மிதக்க மாட்டார்கள்.

ஆனால் லூமிஸின் அளவுகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் முன்வைக்கும் ஆணுடல் எட்டுத் தலை உயரம். அதை அவரே இலட்சிய அளவு என்றுதான் சொல்கிறார். நாயகத் தோற்றத்துக்கு ஒன்பது தலைகூடக் கொடுக்கிறார். நம்மைச் சுற்றியிருப்பவர்களோ பெரும்பாலும் ஏழு, ஏழரைத் தலைக்குள் அடங்கிவிடுவார்கள். நம் சிற்பிகள் இதை வேறு வகையில் தீர்த்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய அலகு தாலம், அதாவது முகத்தின் நீளம். ஒரு தாலத்துக்கு 12 அங்குலம். நவதாலம் 108 அங்குலம். பெருந்தெய்வங்களுக்கு உரிய உத்தம தசதாலம் பத்துத் தாலத்தைவிடச் சற்றுக் கூடி 124 அங்குலம். இந்த அங்குலம் நம் அளவுகோலில் உள்ளதல்ல, உருவத்துக்குள்ளேயே பிரித்தெடுப்பது. யாரை வடிக்கிறோமோ அவருக்கேற்ற தாலத்தை எடுக்க வேண்டும் என்பது மரபு. வை. கணபதி ஸ்தபதியின் 'சிற்பச் செந்நூல்' இந்த மரபைத் தமிழில் தரும் நூல். சுரங்கத்துக்கு வேலைக்குப் போகிறவரை வரையும்போது எட்டுத் தலை கொடுத்தால் அவர் விளம்பரப் படத்து ஆளாகிவிடுவார். முறையை லூமிஸிடம் கற்றுக்கொண்டு, அளவை எதிரில் இருப்பவரிடமிருந்து எடுங்கள்: கையை நீட்டிப் பென்சிலால் தலையை அளந்து, அது உடலில் எத்தனை முறை போகிறது என்று எண்ணினால் போதும்.

கைமான் நிக்கோலாய்டிஸின் 'தி நேச்சுரல் வே டு டிரா' (1941) வேறு ரகம். அவர் இறந்தபின் வெளிவந்த புத்தகம் இது. இதைப் பார்த்துக் காப்பி அடிக்க முடியாது; முழுக்கப் பயிற்சிகள்தான், ஒவ்வொரு பாடத்துக்கும் 15 மணி நேரம். ஒருவர் அசைவதையோ நிற்பதையோ சில நொடிகளில் கிறுக்கிப் பிடிப்பது ஒரு பயிற்சி. தாளைப் பார்க்காமல் ஆளையே பார்த்து, பென்சில் முனை அவருடைய விளிம்பைத் தொடுவதாக நினைத்து மெதுவாக வரைவது இன்னொன்று. மாடலுக்கு எங்கே போவது என்று கவலைப்பட வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து பேருந்துக்கு நிற்கும் கூட்டம் இருக்கிறது. மெயின் பஜாரில் காய்கறிக்குக் குனிபவர்கள் இருக்கிறார்கள். அசையாத மாடல் வேண்டுமென்றால் நெய்வேலி சிவன் கோயிலின் பெரிய பஞ்சலோக நடராசர் போதும்: ஒரு காலைத் தூக்கியும் நிலை குலையாத உருவம். பக்கத்துச் சிதம்பரத்தின் கோபுர வாசல்களில் 108 நடனக் கரணங்களும் கல்லில் நிற்கின்றன. இப்படி ஒரு பயிற்சிக்கூடம் கூப்பிடு தூரத்தில் இருக்க, படத்தைப் பார்த்தே படம் வரைந்துகொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஜார்ஜ் பிரிட்ஜ்மேனின் 'கன்ஸ்ட்ரக்டிவ் அனாட்டமி' (1920) இரண்டாவது புத்தகமாக வரட்டும். விலா, இடுப்பு, தோள் இவற்றைக் கட்டைகளாக வெட்டி ஒன்றோடொன்று முறுக்கிக் காட்டுவார். கோடுகள் முரடு, முதலில் மிரட்டும். நம் சட்டப்படி ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகள் கழித்துப் பதிப்புரிமை முடிகிறது. பிரிட்ஜ்மேன் மறைந்தது 1943இல். ஆகவே இன்டர்நெட் ஆர்க்கைவில் இலவசமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு வாங்கலாம். பர்ன் ஹோகார்த்தின் 'டைனமிக் அனாட்டமி'யைக் காமிக்ஸ் பிரியர்கள் முதலிலேயே வாங்கிவிடுகிறார்கள். டார்ஸானை வரைந்தவர் அல்லவா, எல்லாத் தசையும் எப்போதும் முறுக்கியே நிற்கும். அதில் தொடங்கினால் வீட்டுப் பாட்டியைக்கூடப் பயில்வானாக வரையும் பழக்கம் வந்துவிடும்.

இந்த வெளிநாட்டுப் புத்தகங்கள் எதிலும் புடவை கிடையாது, வேட்டி கிடையாது. முந்தானை தோளிலிருந்து எப்படி விழுகிறது, மடித்துக் கட்டிய வேட்டி முழங்காலில் எங்கே இழுபடுகிறது என்பதற்கு நம் ஓவியர்களிடம்தான் போக வேண்டும். மணியம், கோபுலு ஆகியோரின் பத்திரிகைப் படங்களையும், 2021இல் மறைந்த எஸ். இளையராஜாவின் கிராமத்துப் பெண்களையும் பாருங்கள். சிற்பங்களைக் கோட்டில் கொண்டுவருவதற்கு, ஆனந்த விகடனில் வந்த சில்பியின் 'தென்னாட்டுச் செல்வங்கள்' இருக்கிறது.

பெற்றோர் தயங்கும் ஒரு விஷயமும் உண்டு. உருவம் வரையக் கற்றுத்தரும் நல்ல புத்தகங்களில் ஆடையில்லாத உடல்கள் இருக்கும்; துணிக்குள் உடல் எப்படி நிற்கிறது என்று தெரியாமல் துணியை வரைய முடியாது என்பதே காரணம். கலைக் கல்லூரிக்குப் போக நினைக்கும் பிள்ளைக்கு இதை மறைத்துப் பயனில்லை. பத்துப் பன்னிரண்டு வயதுக்காரர் என்றால் லூமிஸின் 'ஃபன் வித் எ பென்சில்' (1939) வாங்கிக் கொடுங்கள். ஒரு பந்திலிருந்து முகங்களை உருவாக்கும் விளையாட்டில் தொடங்கும் புத்தகம் அது.

பணம் கொடுப்பதற்கு முன் அச்சைப் பாருங்கள். மலிவுப் பதிப்புகளில் பென்சில் நிழல்கள் கருப்புத் திட்டாக அடைந்துபோயிருக்கும். நிழலுக்குள் கோடு தெரியாவிட்டால் லூமிஸின் பாதிப் பாடம் போயிற்று. 2011இலிருந்து டைட்டன் பதிப்பகம் வெளியிட்ட பெரிய அளவுப் பதிப்புகள் தெளிவாக இருக்கின்றன, விலைதான் கூடுதல். புத்தகத்தை மேசையில் விரித்தால் தானாக மூடிக்கொள்ளாமல் கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஒரு கை பென்சில் பிடிக்க, மறு கை தாளைப் பிடிக்க, புத்தகத்தைப் பிடிக்க மூன்றாவது கை கிடையாது.