திமிங்கிலம் காண எங்குச் செல்வது?

நமது பள்ளிச் சுற்றுலா சிங்கப்பூருக்கு என்று பெற்றோர் கூட்டத்தில் முடிவாயிற்று. தேக்கா சந்தை, சிராங்கூன் சாலை, வீரமாகாளியம்மன் கோவில் ஆகியவை பற்றி எவரும் மாறுபடவில்லை. எஞ்சிய அரை நாளை எவ்வாறு கழிக்கலாம் என்று மாணவரைக் கேட்டோம். ஆறாம் ஆண்டு மாணவன் ஒருவன் எழுந்து, "கடலில் திமிங்கிலம் பார்க்கலாமா, ஐயா?" என்றான். படகொன்றை வாடகைக்கு அமர்த்தலாம் என்றார் ஒரு தந்தையார். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை அறுத்தும் ஈட்டிய பணம் அது. ஆதலின் ஆராய்ந்த பின்னரே விடை கூறுகின்றோம்.

சிங்கப்பூரில் திமிங்கிலத்தைத் தேடிப் படகேறுவது வீண் செலவு. டால்பின்கள் சில வேளைகளில் தென்தீவுகளின் அருகே தலைகாட்டுவதுண்டு. அதுவும் நற்பேறு இருந்தால்தான். திமிங்கிலம் மீனன்று; நம்மைப் போல் காற்றைச் சுவாசித்துக் குட்டிக்குப் பாலூட்டும் விலங்கு. ஆயினும் அதன் உணவு பெரும்பாலும் ஆழ்கடலைச் சார்ந்தது. ஸ்பெர்ம் திமிங்கிலம் கணவாயைத் தேடி 1,000 மீட்டருக்கும் கீழே மூழ்க வல்லது. சிங்கப்பூரைச் சூழ்ந்த கடலடி மேடையோ பெரும்பாலும் 100 மீட்டர் ஆழங்கூட இல்லாதது. போதாக்குறைக்கு, இரவும் பகலும் கப்பல்கள் வரிசையாகச் செல்லும் வழி அது.

உயிருள்ள திமிங்கிலத்தைக் காண விழைவோர் இலங்கைக்குச் செல்லவேண்டும். அங்குக் கரைக்கு மிக அருகிலேயே கடல் பேராழமாகிவிடுகின்றது. தென்கரையிலுள்ள மிரிசாவுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை ஏற்ற காலம். தமிழர் வாழும் திருகோணமலைக்கு மே முதல் ஆகஸ்டு வரை செல்லலாம். அவ்வேளையில் கிழக்குக் கடல் அமைதியாயிருக்கும். பருவக்காற்று மாறும்போது இடத்தையும் மாற்றவேண்டும். எனினும் அப்பயணம் நம் தோட்டத்துக் குடும்பங்களின் கைக்கு எட்டாது என்பதை ஒளிக்காமல் கூறுகின்றோம்.

அப்படியானால் சிங்கப்பூரில் ஒன்றுமே இல்லையா? உண்டு. 2015 ஜூலை 10ஆம் நாள், ஜூரோங் தீவின் அருகே ஸ்பெர்ம் திமிங்கிலம் ஒன்று இறந்து மிதந்தது. 10.6 மீட்டர் நீளமுள்ள பெண் திமிங்கிலம் அது. சிங்கப்பூர்க் கடலில் அவ்வினம் காணப்பட்டதாகப் பதிவானது அதுவே முதன்முறை. முதுகில் ஆழ்ந்த காயம் இருந்தது. கப்பல் மோதியிருக்கலாம் என்று ஆய்வாளர் கருதினர். வயிற்றிலோ கணவாயின் அலகுகளோடு நெகிழிக் குப்பையும் கிடந்தது. நாடு பொன்விழாக் கொண்டாடிய ஆண்டாதலால் அதற்கு 'ஜூபி லீ' எனப் பெயரிட்டனர். அதன் எலும்புக்கூடு 2016 முதல் தேசியப் பல்கலைக்கழகத்தின் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் இருக்கின்றது.

"எலும்புதானா?" என்று அம்மாணவன் முகஞ்சுளித்தான். அவனைக் குறைகூறோம்.

ஆனால் முதியவர் சிலருக்கு வேறொரு எலும்பு நினைவுக்கு வரக்கூடும். 1892இல் மலாக்காவின் அருகே கரையொதுங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு, 1907 முதல் 1974 வரை சிங்கப்பூர் ஸ்டாம்ஃபர்ட் சாலையிலிருந்த ராஃபிள்ஸ் அரும்பொருளகத்தில் தொங்கிற்று. 42 அடி நீளம்! அக்காலத்தில் தேக்காவுக்குச் சென்ற நம்மவருள் சிலர் அதை அண்ணாந்து பார்த்திருப்பர். 1974இல் அது மலேசியாவுக்கு வழங்கப்பெற்றது. பிறந்த கடலுக்கே திரும்பியது போலும்! அது இருந்த இடம் நெடுங்காலம் வெறுமையாயிருந்தது. ஜூபி லீ வந்த பின்னரே சிங்கப்பூர் அரும்பொருளகத்துக்கு மீண்டும் ஒரு திமிங்கிலம் கிடைத்தது.

ஆகவே அரை நாள் அங்கேயே. நுழைவுக்கட்டணத்தை முன்னதாகவே செலுத்திப் பதிவு செய்யவேண்டும். பெயர் கொடுக்காத பெற்றோர் விரைவில் கொடுப்பீர்களாக. மாணவர் ஒவ்வொருவரும் குறிப்பேடும் பென்சிலும் கொண்டு வருக. புறப்படும் வாரத்தில் 10.6 மீட்டர்க் கயிற்றைப் பள்ளித் திடலில் இழுத்துப் பிடிப்போம். கேள்வி கேட்ட மாணவனே அதன் தலைப்பக்கத்தைப் பிடிப்பான்.