பல்கலைக்கழகச் சீன இசைக்குழு

பல்கலைக்கழகச் சீன இசைக்குழு என்பது சீன மரபிசைக் கருவிகளை மாணவர்கள் ஒன்றுகூடிக் கற்று இசைக்கும், பல்கலைக்கழகம் சார்ந்த குழுவாகும். சீனா, தாய்வான், ஆங்காங், சிங்கப்பூர், மலேசியா ஆகிய இடங்களிலும், ஐக்கிய அமெரிக்கா போன்ற பிற நாடுகளிலும் இத்தகைய குழுக்கள் உள்ளன. இசையைத் தொழிலாகக் கொள்ளாத பிற துறை மாணவர்களும் இவற்றில் பங்குபெறுகின்றனர். ஆசிரியரிடம் செவிவழியாகக் கற்கப்பட்டு வந்த சீன இசை, 20ஆம் நூற்றாண்டில் இசைத்தாளைக் கொண்டு பலர் ஒருங்கே கற்கும் இசையாகவும் மாறியது. இம்மாற்றத்தில் பல்கலைக்கழகங்களுக்கு முக்கிய பங்கு உண்டு.

வரலாறு

சாய் யுவான்பெய் 1917 இல் பீக்கிங் பல்கலைக்கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். அழகியற் கல்வி அனைவருக்கும் தேவை என்ற கருத்துடைய இவரது காலத்தில் அங்கு இசைக்கல்வி ஊக்கம் பெற்றது. 1922 இல் லியூ தியன்ஹுவா (1895–1932) அப்பல்கலைக்கழகத்தில் இசை கற்பிக்க அழைக்கப்பட்டார். அதுவரை எர்கூ என்னும் இரு நரம்பு வில் கருவி நாடகங்களுக்குப் பக்க இசையாகவும், தெருவில் இரந்து வாழ்வோரின் கருவியாகவும் கருதப்பட்டு வந்தது. வயலினையும் பயின்றிருந்த லியூ, எர்கூவுக்கென 10 தனி இசைகளையும் 47 பயிற்சிப் பாடங்களையும் இயற்றினார். படிப்படியான பாடத்திட்டத்தைக் கொண்டு வகுப்பறையில் கற்பிக்கத்தக்க கருவியாக எர்கூ இவ்வாறே மாறியது. 1927 இல் சீன இசையைச் சீர்திருத்துவதற்கென ஒரு சங்கத்தையும் லியூ நிறுவினார். பெய்ஜிங்கின் தியன்சியாவோ பகுதியில் நாட்டார் தாள இசையைத் திரட்டச் சென்றபோது தொற்றிய செங்காய்ச்சலால் 1932 இல் தமது 37ஆம் வயதில் காலமானார்.

மேலை நாட்டு இசைக்குழுவின் அமைப்பைப் பின்பற்றிய பெரிய சீன இசைக்குழுக்கள் 1930களிலிருந்து வளர்ச்சி பெற்றன. 1953 இல் பெய்ஜிங்கில் மத்திய வானொலியின் மரபிசைக் குழு அமைக்கப்பட்டது. அதன் நடத்துநரான பெங் சியூவென் (1931–1996) வகுத்த கருவி ஒழுங்கு, பிற குழுக்களுக்கு முன்மாதிரியானது. ஆங்காங் சீன இசைக்குழு 1977 இலும், சிங்கப்பூர் சீன இசைக்குழு 1997 இலும் தொழில்முறைக் குழுக்களாகச் செயற்படத் தொடங்கின. சிங்கப்பூரில் பள்ளிகளிலேயே சீன இசைக்குழு இணைப்பாட நடவடிக்கையாக இருப்பதால், பல மாணவர்கள் முன்பயிற்சியுடனேயே பல்கலைக்கழகக் குழுவில் சேர்கின்றனர்.

ஐக்கிய அமெரிக்காவில் இக்குழுக்கள் வேறொரு வழியில் தோன்றின. லாஸ் ஏஞ்சலஸ் நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இசையியலாளர் மேன்டில் ஹூட், ஒரு பண்பாட்டின் இசையை ஆராய்பவர் அதனை வாசிக்கவும் கற்க வேண்டும் என்று வலியுறுத்தினார். இரு மொழி அறிவதைப் போன்றே இரு இசை அறியலாம் என்ற இக்கருத்தை அவர் 1960 இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார். அங்கு சாவகத்தின் காமெலான் குழுவைத் தொடர்ந்து சீன இசைக்கும் பயிற்சி வகுப்புகள் நடத்தப்பட்டன. இவ்வகைக் குழுக்களில் சீன மொழியோ சீன இசையோ அறியாதவர்களும் முதற் பாடத்திலிருந்து தொடங்கலாம்.

கருவிகளும் அவற்றைக் கற்றலும்

சீன இசைக்குழுவின் கருவிகள் பொதுவாக வில் கருவிகள், மீட்டும் கருவிகள், காற்றுக் கருவிகள், தாளக் கருவிகள் என நான்கு பிரிவுகளாக அமைகின்றன. தாழ்ந்த சுருதிக்காகப் பல குழுக்கள் செல்லோ, டபுள் பாஸ் ஆகிய மேலைக் கருவிகளையும் சேர்த்துக்கொள்கின்றன.

• எர்கூ: இதன் இரு நரம்புகளும் ச–ப இடைவெளியில் சுருதி சேர்க்கப்படுகின்றன. வில்லின் மயிர் இரு நரம்புகளுக்கும் இடையே செல்வதால், வில்லைத் தனியே எடுக்க இயலாது. வில்லை வெளிப்புறம் அழுத்தினால் ஒரு நரம்பும், விரல்களால் உட்புறம் இழுத்தால் மற்றொன்றும் ஒலிக்கும். விரற்பலகையும் மெட்டுகளும் இல்லாமையால், சுரத்தின் இடத்தைக் காதினாலேயே கண்டறிய வேண்டும்.

• பீப்பா: பேரிக்காய் வடிவ உடலும் நான்கு நரம்புகளும் கொண்டது. வலக்கையின் ஐந்து விரல்களிலும் செயற்கை நகங்களை ஒட்டுநாடாவால் கட்டிக்கொண்டு மீட்டுவர். ஐந்து விரல்களும் சக்கரம்போல் அடுத்தடுத்து நரம்பைத் தட்டி, இடையறாத ஒலியை எழுப்பும் உத்தி கைவர நீண்ட பயிற்சி தேவை.

• குஜெங்: தற்காலத்தில் பெரும்பாலும் 21 நரம்புகள் உடையது. ஒவ்வொரு நரம்புக்கும் நகர்த்தத்தக்க குதிரை உண்டு. நரம்புகள் ஐந்து சுரங்களுக்கே சேர்க்கப்படுகின்றன; இவை மோகன இராகத்தின் சுரங்களை ஒத்தவை. ம, நி ஆகியவற்றைப் பெற, குதிரைக்கு இடப்புறத்தில் நரம்பை அழுத்த வேண்டும்.

• யாங்ச்சின்: இரு மூங்கிற் குச்சிகளால் தட்டி இசைக்கப்படுவது, பாரசீகச் சந்தூருக்கு உறவானது.

• தீட்சு: மூங்கிற் புல்லாங்குழல். வாய்த்துளைக்கும் விரல்துளைகளுக்கும் இடையிலுள்ள துளையின் மீது நாணலின் மெல்லிய உட்படலம் ஒட்டப்படுகிறது. தீட்சுவின் அதிரும் ஒலிக்கு இதுவே காரணம். படலம் மிக இறுகினால் ஒலி மங்கும். தளர்ந்தால் குழல் கரகரக்கும். எனவே ஊதக் கற்பவர் படலம் ஒட்டவும் கற்க வேண்டும்.

• ஷெங்: பல மூங்கிற் குழல்கள் கொண்ட வாய்க்கருவி. மூச்சை உள்ளிழுக்கும்போதும் வெளிவிடும்போதும் ஒலிக்கும். ஒரே நேரத்தில் பல சுரங்களை எழுப்ப வல்லது.

இவை தவிர ருவான், லியூச்சின், சான்சியான், சுவோனா முதலியனவும் இடம்பெறுகின்றன. ஏழு நரம்புகள் கொண்ட தொன்மையான குச்சின் மிக மெல்லிய ஒலியுடையதாதலால், பொதுவாகப் பெரிய குழுக்களில் சேர்க்கப்படுவதில்லை.

எர்கூவின் ஒலிப்பெட்டி மலைப்பாம்புத் தோலால் மூடப்படுகிறது. மலைப்பாம்புத் தோல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதாகையால், கருவியை நாடு கடந்து எடுத்துச்செல்ல ஆவணங்கள் தேவைப்படலாம். இதற்கு மாற்றாகச் செயற்கைப் படலம் பொருத்திய கருவிகளை ஆங்காங் சீன இசைக்குழு உருவாக்கியுள்ளது.

இசைக்குறியீடு

புதியவர்கள் விரைவில் குழுவுடன் சேர்ந்து வாசிக்க ஜியான்பு என்னும் எண் குறியீடு உதவுகிறது. இதில் 1 முதல் 7 வரையான எண்கள் ஏழு சுரங்களையும், 0 ஓய்வையும் குறிக்கின்றன. எண்ணின் மேலுள்ள புள்ளி மேல் ஸ்தாயியையும், கீழுள்ள புள்ளி கீழ் ஸ்தாயியையும் காட்டும். எண்ணின் கீழ் ஒரு கோடு இட்டால் கால அளவு பாதியாகும். 1 என்பது எச்சுருதி என்பது தாளின் தொடக்கத்திலேயே எழுதப்படும். கருநாடக இசையின் சுரக் குறியீட்டை அறிந்தவருக்கு இம்முறை எளிதில் விளங்கும். ஆதார சுருதியைத் தேவைக்கேற்ப மாற்றிக்கொள்வதும், ஸ்தாயிக்குப் புள்ளியிடுவதும் இரண்டிற்கும் பொதுவானவை.

இம்முறை சீனாவில் தோன்றியதன்று. அறிஞர் ரூசோ 1742 இல் பாரிசு அறிவியற் கழகத்தில் முன்வைத்த எண் குறியீடு, 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில் சீர்செய்யப்பட்டு, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சப்பான் வழியாகச் சீனாவை அடைந்தது. அதற்கு முன் வழக்கிலிருந்த கொங்சே முறையில் சுரங்கள் சீன எழுத்துகளால் குறிக்கப்பட்டன. அது மெட்டின் முதன்மைச் சுரங்களை மட்டுமே தந்தது. அணிகளையும் நுணுக்கங்களையும் ஆசிரியரிடம் கேட்டே கற்க வேண்டியிருந்தது.

பயிற்சி முறை

பொதுவாக ஒவ்வொரு கருவிப் பிரிவும் முதலில் தனியே பயிற்சி செய்து, பின்னர் முழுக்குழுவும் நடத்துநரின் கீழ் கூடுகிறது. புதியவர்களுக்கு மூத்த மாணவர்கள் கற்பிப்பது பல குழுக்களில் வழக்கம். மாணவர் பட்டம் பெற்று வெளியேறும்போது அவரது திறனும் உடன் சென்றுவிடுகிறது. ஆகவே ஒவ்வோராண்டும் புதியவர்களைப் பழக்காத குழு சில ஆண்டுகளிலேயே நலிவடையும். குறைந்தோர் வாசிக்கும் ஷெங் போன்ற கருவிகளில் இச்சிக்கல் மேலும் கூர்மையாக வெளிப்படும்.

வேறு இசை பயின்று வருவோர்க்கு அப்பயிற்சி உதவியாகவும் தடையாகவும் அமையலாம். வயலின் பயின்றவர் சுருதியை எளிதில் உணர்வார்; ஆனால் வில்லை உள்ளங்கை மேல்நோக்கியவாறு பிடிக்கும் எர்கூ முறையைப் புதிதாகவே பழக வேண்டும்.

செவிவழி மரபும் இசைத்தாளும்

பெரிய குழுவில் பல கருவிகள் இணைந்து ஒலிக்க ஒரே சுருதி ஒழுங்கு தேவைப்பட்டது. அதனால் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம இடைவெளிகளாகப் பகுக்கும் முறைக்கேற்ப, 20ஆம் நூற்றாண்டில் கருவிகள் மாற்றியமைக்கப்பட்டன. பீப்பாவின் மெட்டுகளின் எண்ணிக்கை கூடியது. பட்டு நரம்புகளின் இடத்தை உலோக நரம்புகள் பிடித்தன. இவற்றால் ஒலியின் அளவும் சுருதி மாற்றும் வசதியும் மிகுந்தன. அதே வேளையில், வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்ட சுருதிகளும் பாணிகளும் மங்கின என்ற திறனாய்வும் உள்ளது.

பழைய முறைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சாங்காய் மற்றும் அதன் சுற்றுவட்டாரத்தில் வழங்கும் ஜியாங்னான் சிச்சூ என்னும் இசையாகும். பெயரின் பொருள் பட்டும் மூங்கிலும் என்பது. நரம்புக் கருவிகளையும் குழல்களையும் இது குறிக்கும். தேநீர்க் கடைகளில் மேசையைச் சுற்றி அமர்ந்து, நடத்துநர் இன்றி இதனை வாசிப்பர். அனைவரும் ஒரே மெட்டை வாசித்தாலும், ஒவ்வொருவரும் தம் கருவிக்கேற்ப அணி சேர்ப்பர். ஒருவர் சுரங்களைப் பெருக்கும்போது மற்றவர் குறைத்து இடம் விடுவார். இசைத்தாளில் எழுதப்பட்ட ஒரு வடிவத்தை மனனம் செய்வதால் மட்டும் இத்திறன் கைகூடாது.

பதிவும் எழுத்தும் இல்லையெனில் இழப்பு ஏற்படும் என்பதற்கு ஆபிங் (1893–1950) சான்றாவார். வூசி நகரின் பார்வையற்ற தெருக் கலைஞரான இவரது ஆறு இசைகளை, இசையறிஞர் யாங் யின்லியூவும் சாவ் அன்ஹேயும் 1950 கோடைக் காலத்தில் பதிவு செய்தனர். அவ்வாண்டு டிசம்பரில் ஆபிங் காலமானார். எர்கூவில் மூன்றும் பீப்பாவில் மூன்றுமாகப் பதிவான அவ்வாறு இசைகளே அவரது வாசிப்பில் இன்று கேட்கக் கிடைப்பவை. அவை பின்னர் இசைத்தாளாக எழுதப்பட்டு, மாணவர்கள் பயிலும் பாடங்களாயின. அவற்றைப் பயில்வோர் தாளைப் படிப்பதோடு ஆபிங்கின் பதிவையும் கேட்பது பயனுடையது. வில்லின் அழுத்தம், சுரங்களுக்கிடையிலான வழுக்கல், ஒவ்வொரு முறையும் மாறும் அணி ஆகியவற்றை எண்களால் முழுமையாகக் குறிக்க இயலாது.

இவற்றையும் பார்க்கவும்

• எர்கூ
• பீப்பா
• குச்சின்
• காமெலான்
• சுரக் குறியீடு