மின்னிசைப் பலகை (பியானோ பயிற்சி)

மின்னிசைப் பலகை (கீபோர்டு) என்பது பியானோவைப் போன்ற கட்டைகளைக் கொண்டு, மின்னணு முறையில் ஒலியெழுப்பும் இசைக்கருவி ஆகும். பியானோவில் 88 கட்டைகள் உள்ளன. விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலும் 61 கட்டைகள், அதாவது ஐந்து ஸ்தாயிகள், இருக்கும். தொடக்கப் பாடங்களுக்கு இவை போதுமானவை.

பியானோ பயில்வோர் முதலில் கவனிக்க வேண்டியது தொடுவிசை உணர்வு ஆகும். பியானோவில் கட்டையை அழுத்தும் வேகத்திற்கேற்பச் சுத்தியல் கம்பியைத் தட்டுவதால், ஒலி மென்மையாகவோ உரத்தோ எழுகிறது. தொடுவிசை உணர்வில்லாத கருவி, எவ்வாறு அழுத்தினாலும் ஒரே அளவில் ஒலிக்கும். எனவே அதில் பழகியவர் பியானோவில் ஒலியளவைக் கட்டுப்படுத்தத் தடுமாறுவர். சிறுவர்களுக்கான குறுங்கட்டைக் கருவிகளில் விரல் இடைவெளியும் மாறுபடும்.

தமிழ்நாட்டு மாணவர்களும் பங்கேற்கும் இலண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வுகளில், பியானோவும் மின்னிசைப் பலகையும் தனித்தனிப் பாடங்களாகும். ஆகவே எதனைப் பயில்வது என முடிவுசெய்த பின்னரே கருவியை வாங்குதல் நன்று.