ஈகையில் மங்கையரின் பங்கு

உலையில் போட அரிசி அளக்கும்போது, அதில் ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பது நம் பாட்டிமார்களின் வழக்கம். மாதக் கடைசியில் அந்தப் பிடி அரிசி கோவிலுக்கோ, ஓர் ஏழை வீட்டுக்கோ போய்ச் சேரும். கையில் காசு புழங்காத காலத்திலும் பெண்ணின் கை கொடுக்கத் தவறியதில்லை என்பதற்கு அந்தப் பானையே சாட்சி. நம் பள்ளியிலும் தவக்காலம் வந்தால் வகுப்புக்கு வகுப்பு உண்டியலும் அரிசிப் பையும் நிறைவதைக் காண்கிறோம்.

சென்ற தவக்காலத்தில் அரிசிப் பைகளைக் கட்டி முடித்த மாலை வேளையில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னிடம் வந்தாள். "டீச்சர், போன வருஷமும் இதே வீட்டுக்குத்தானே அரிசி கொடுத்தோம்? இந்த வருஷமும் ஏன் அவங்க வீட்டில் அரிசி இல்லை?" என்று கேட்டாள். எனக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. "நாளைக்குச் சொல்கிறேன், அம்மா" என்று அனுப்பிவிட்டேன். அந்த விடையைத் தேடியதன் பயனே இக்கட்டுரை.

ஈகைக்கு இரண்டு படிகள் உண்டு. பசித்தவனுக்குச் சோறிடுவது முதற்படி. அவன் ஏன் பசித்திருக்கிறான் என்று கேட்டு, அந்தக் காரணத்தைக் களைய முற்படுவது இரண்டாம் படி. நம் மணிமேகலைக் காப்பியம் இவ்விரண்டையும் காட்டுகிறது. ஆதிரை என்னும் கற்புடைய பெண் இட்ட முதற்பிச்சையால் அமுதசுரபி வற்றாத பாத்திரமாயிற்று. அதைக் கொண்டு மணிமேகலை ஊராரின் பசியைத் தீர்த்தாள். சிறையில் வாடியவர்களுக்கும் சோறிட்டாள். அதைக் கேள்வியுற்ற மன்னன், "உனக்கு வேண்டுவது யாது?" என வினவியபோது, அவள் பொன்னும் மணியும் கேட்கவில்லை. சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றித் தரும்படி கேட்டாள். சிறைக்குள் சோறு கொண்டு சென்றது முதற்படி. சிறையே வேண்டாம் என்றது இரண்டாம் படி.

அது காவியக் கதைதானே என்று சிலர் எண்ணக்கூடும். அண்மைக் கால வரலாற்றிலும் இவ்விரு படிகளைக் காணலாம். பெண்களுக்கான மருத்துவம் என்னும் ஒரு துறையை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

ஐடா ஸ்கடர் அம்மையார் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். இளம் வயதில் திண்டிவனத்தில் தந்தையுடன் தங்கியிருந்தபோது, ஒரே இரவில் மூன்று குடும்பத்தார் அடுத்தடுத்து வந்து, பிரசவ வேதனையில் தவித்த தம் வீட்டுப் பெண்ணுக்கு உதவும்படி அவரை அழைத்தனர். மருத்துவரான அவருடைய தந்தை வரத் தயாராயிருந்தும், அவர் ஆண் என்பதால் மறுத்துவிட்டனர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். இச்சம்பவமே ஐடாவை மருத்துவம் கற்கச் செய்தது. 1900-இல் மருத்துவராகத் திரும்பிய அவர், 1902-இல் வேலூரில் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையைத் திறந்தார். ஆயினும் ஒரு பெண் மருத்துவர் எத்தனை ஊர்களுக்குத்தான் ஓட முடியும்? இந்நாட்டுப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்று கருதி, 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். மூன்று பேர் விண்ணப்பித்தாலே அதிகம் என்று நகைத்தவர்கள் உண்டு. முதலாண்டிலேயே 151 விண்ணப்பங்கள் வந்தன! அப்பள்ளியே இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது.

இதற்குப் பணம் எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பங்கு, கடல் கடந்த பெண்களின் சிறுசேமிப்பு. 1920-களின் தொடக்கத்தில், லூசி பீபடி என்னும் அமெரிக்கப் பெண்மணியின் முயற்சியால், வேலூர் மருத்துவப் பள்ளி, சென்னை மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி உள்ளிட்ட ஆசியாவின் ஏழு பெண்கள் கல்வி நிலையங்களுக்கு நிதி திரட்டப்பட்டது. பெண்கள் 20 இலட்சம் டாலர் சேர்த்தால் 10 இலட்சம் டாலர் தருவதாக ராக்ஃபெல்லர் குடும்பத்தின் அறநிதி நிபந்தனை விதித்தது. அமெரிக்கத் திருச்சபைகளின் மகளிர் அத்தொகையைத் திரட்டிக் காட்டினர். சிறுதுளி பெருவெள்ளம் என்பது பழமொழி. ஆனால் துளிகளைச் சேர்த்து வாய்க்காலில் விடவும் ஓர் ஆள் வேண்டும் அன்றோ?

இனி நம் திருச்சபை வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சி. பர்தா வழக்கத்தால் ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத பெண்களுக்காக, ஆக்னஸ் மெக்லாரன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டு மருத்துவர், எழுபது வயதைக் கடந்தபின் இராவல்பிண்டியில் ஒரு மருத்துவமனை அமையக் காரணமானார். அருட்சகோதரிகளே மருத்துவர்களானால் இப்பணி நிலைக்கும் என்று அவர் கருதினார். ஆனால் துறவியர் மருத்துவத் தொழில் செய்வதைத் திருச்சபைச் சட்டம் அக்காலத்தில் தடுத்திருந்தது. அம்மூதாட்டி உரோமைக்குப் பலமுறை சென்று அனுமதி வேண்டினார். அது கிடைக்காமலே 1913-இல் இறந்தார்.

ஆனால் அவர் கேட்ட கேள்வி இறக்கவில்லை. அவரைப் பற்றிய சிறு நூலொன்றைப் படித்த ஆஸ்திரேலிய மருத்துவர் மேரி குளோரி 1920-இல் குண்டூருக்கு வந்து துறவறம் பூண்டு, திருத்தந்தையின் தனி அனுமதியுடன் மருத்துவத் தொண்டாற்றினார். மெக்லாரனுடன் கடிதத் தொடர்பு கொண்டிருந்த ஆஸ்திரியப் பெண் அன்னா டெங்கல் மருத்துவம் கற்று, அதே இராவல்பிண்டி மருத்துவமனையில் பணியாற்றி, 1925-இல் மருத்துவப் பணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். 1936-இல் உரோமை அத்தடையை நீக்கியது. இன்று நம் நாட்டில் அருட்சகோதரிகள் மருத்துவர்களாக நோயாளிகளின் அருகில் நிற்பதைக் காணும்போது, அதற்குப் பின்னால் ஒரு மூதாட்டியின் வேண்டுதல் இருப்பதை நினைவு கூர்வோமாக.

மூன்றாவதாக, நம் தமிழகத்தின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் 1912-இல் பட்டம் பெற்றவர். இளம் பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கச் சட்டமன்றத்தில் போராடினார். 1930-ஐ ஒட்டி, அவ்வழக்கிலிருந்து தப்பி வந்த சிறுமியர் அவர் வீட்டுக் கதவைத் தட்டினர். அவர்களை விடுதிகள் ஏற்க மறுத்தபோது, தம் இல்லத்திலேயே இடமளித்தார். அவ்வாறு பிறந்ததே ஔவை இல்லம். அச்சிறுமியருக்குச் சோறிட்டதோடு அவர் நிற்கவில்லை. எண்ணற்ற சிறுமியரைக் காக்கும் சட்டத்துக்காகத் தொடர்ந்து உழைத்தார். 1947-இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நிறைவேறியது. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டினார். 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. தன் வீட்டுத் துயரம் பிறர் வீட்டிலும் நிகழலாகாது என்று எண்ணும் மனமே ஈகையின் ஊற்று.

இம்மூன்று வரலாறுகளிலும் ஓர் ஒற்றுமை உண்டு. இவர்கள் கொடுத்தனர், கொடுத்தபின் கேள்வி கேட்டனர், தனித்து நில்லாமல் பிறரையும் சேர்த்துக்கொண்டனர். பெண்களுக்குச் சொத்துரிமை குறைவாயிருந்த காலத்திலேயே இவ்வளவும் நடந்தது என்பதை மறக்கலாகாது. திருவிதாங்கூர்ச் சட்டத்தின்படி கிறிஸ்தவ மகளுக்குக் கிடைத்தது மகனின் பங்கில் கால் பகுதி அல்லது 5000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது. மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே அந்நிலை மாறியது. தமிழ்நாட்டில் இந்துக் குடும்பப் பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு 1989-இல் வந்தது. கையில் இல்லாதபோதே கொடுத்தவர்களின் பேத்திகள் நாம். சம்பாதிக்கும் கையும், சொத்துரிமையும் பெற்ற நாம் எவ்வளவு செய்யலாம்!

இனி அம்மாணவியின் கேள்விக்கு வருகிறேன். மறுநாள் அவளையும் அவள் தோழியர் இருவரையும் அழைத்துக்கொண்டு, ஓர் அருட்சகோதரியுடன் அவ்வீட்டுக்குச் சென்றேன். கணவனை இழந்த தாய். வேலைக்குப் போனால்தான் கூலி. உடல்நலம் இல்லாத நாளில் அடுப்பு எரியாது. அரசின் விதவை உதவித்தொகை பற்றி அவர் கேள்விப்பட்டிருந்தார். ஆனால் என்னென்ன சான்றிதழ் வேண்டும், யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருந்துவிட்டார். எங்கள் பிள்ளைகள் விவரம் கேட்டறிந்து, தாள்களைச் சேர்த்து, மனு எழுதிக் கொடுத்தனர். தொகை வந்து சேரச் சில மாதங்களாயின. அதனால் அவ்வீட்டின் வறுமை முழுதும் நீங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆயினும் நோயுற்ற நாளிலும் அங்கே உலை கொதிக்கிறது.

அன்பு மாணவியரே, பிடி அரிசியை நிறுத்திவிடாதீர்கள். பசிக்கு நாளை என்பது இல்லை. இன்றைய பசிக்கு இன்றே சோறு வேண்டும். கொடுத்தபின் அவ்வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் அமர்ந்து, "ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். பெற்றோரே, உங்கள் மகள் அப்படிக் கேட்டு வீட்டுக்கு வந்தால், "உனக்கேன் இந்த வம்பு?" என்று அவள் வாயை அடைத்துவிடாதீர்கள்.

இவ்வாண்டு தவக்காலத்தில் அரிசிப் பைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது, அந்தத் தாய் பள்ளி வாயிலுக்கு வந்தார். முந்தானையில் முடிந்து கொண்டுவந்த ஒரு பிடி அரிசியை எங்கள் பையில் போட்டுவிட்டுப் போனார்.